பனிக்கோட்டையைத் தாண்டியவர்

கடலூர் செம்மண்டலத்தில், மற்றவர்களுக்காக ஆன்லைன் கேம் விளையாடி லெவல் ஏற்றிக் கொடுக்கும் கடையில் நான் வேலை பார்த்தேன். சொன்ன நாளில் முடிக்கவில்லை, கேமில் வைத்திருந்த வாளைக் காணோம் என்று தினமும் யாராவது போனில் சண்டை பிடிப்பார்கள். நேரில் வந்தவர் அவர் ஒருவர்தான்.

சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதோரம் நரை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் கட்டுவதுமாக நின்றார்.

"இருபதாவது லெவல் கேட்டீங்க, ஏத்திட்டோமே சார். என்ன குறை?" என்றேன்.

"எம்பொண்ணு பெங்களூருல இருக்கா தம்பி. போன் பண்ணா எடுக்க மாட்டா. அந்த கேமுக்குள்ள மட்டுந்தான் எங்கூட பேசுவா. அவகூட சேந்து ஆட இருபதாவது லெவல் வேணும்னுதான் உங்ககிட்ட குடுத்தேன். வழியில வர்ற பனிக்கோட்டைய எப்படிப்பா தாண்டுனன்னு நேத்து கேட்டா. எனக்கு என்னா தெரியும்? கேம ஆஃப் பண்ணிட்டேன். நடந்தத சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஒரே நேரத்தில் நாலு பேருடைய கேமை ஓட்டியவன் நான். அவருடைய கோட்டை எனக்கு நினைவிலேயே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஓநாய்கள் துரத்தின, மூன்று முறை செத்தீர்கள், நாலாவது முறை பின்வாசல் வழியாகத் தப்பினீர்கள் என்று கதை கட்டினேன். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

"மூணு வாட்டி செத்தனா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அன்று மாலையே கேமில் அந்தக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தேன். பின்வாசல் இல்லை. உடனே அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அந்தக் கோட்டையைத் தானே கடந்து வந்த அவர் மகள், பின்வாசல் கதையைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.