கேட்டை மறித்த கருப்புக் கார்

எழுபதுகளின் நடுவில், சென்னையில் குழாய்கள் காய்ந்து கிடந்த ஒரு கோடையில், தி.நகரில் எங்கள் தெருவில் நடந்தது இது. அதற்கு முந்தைய ஐப்பசியில்தான் அந்த வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தோம். என் கணவர் ரயில்வேயில் கார்டு. வாரத்தில் பாதி நாள் வண்டியோடு போய்விடுவார். அதனால் வீட்டைப் பார்த்துக்கொள்வது, பின்பக்கப் போர்ஷனை வாடகைக்கு விடுவது, சண்டை போடுவது எல்லாம் என் வேலை. மூன்றாவது வேலை எனக்கு நன்றாகவே வரும்.

பின் போர்ஷனைக் கேட்டு ஒரு டாக்ஸிக்காரர் மனைவியோடு வந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டி ஒரு குடிசையில் இருந்தவர்கள். மழைக்கு ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து, இனி அங்கே இருக்க முடியாது என்று கிளம்பி, மாம்பலம், சைதாப்பேட்டை என்று அலைந்திருக்கிறார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் என்றதும் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நான் நேராகவே கேட்டேன், குடிக்கிற பழக்கம் உண்டா என்று.

"எப்பனா ஒருதபா குடிப்பேம்மா. அன்னிக்கு வூட்டாண்ட வரமாட்டேன், ஸ்டாண்டுலயே பட்துக்குவேன்" என்றார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பொய் சொல்லாத அந்த ஒரு பதிலுக்காகவே சாவியைக் கொடுத்தேன்.

அவர் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. ராத்திரி வண்டியைக் காம்பவுண்டுக்குள் நிறுத்தலாமா? டாக்ஸி அவருடையது அல்ல. வெளியே நின்றால் சாமான் திருட்டுப் போகும் என்பதால், உள்ளே நிறுத்த இடம் இருக்கிறவருக்குத்தான் வண்டி முதலாளி வண்டி கொடுப்பாராம். எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்தேன். கேட்டுக்கு உள்ளே இருந்த இடத்தைப் பார்த்தேனே தவிர, வெளியே என்ன நிற்கிறது என்று யோசிக்கவில்லை.

வெளியே பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கருப்புக் கார் நின்றது.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஜவுளிக்கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவும் தன் கடையில் ஒரு பகுதி என்ற நினைப்பு அவருக்கு. அவர் வீட்டில் கார் ஷெட் இருந்தது. அதில் கார் இல்லை, கூரை வரைக்கும் ஜவுளி மூட்டைகள். அவர் வாசலில் லைட் கம்பமும் சாக்கடையும் இருந்தன. எங்கள் கேட்டுக்கு நேரே மட்டும் தெரு கொஞ்சம் அகலம். ஆகவே கார் எங்கள் வாசலில். பழைய வீட்டுக்காரரிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை. அவர் வாய் திறக்காமலே காலத்தை ஓட்டிவிட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அண்ணாச்சிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருடைய கார் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவான். அப்புறம் காலையில் அவன் வரும் வரை அதை யாரும் நகர்த்த முடியாது. எங்கள் டாக்ஸி வரும், ஹாரன் அடிக்கும், பின்னாலேயே போய் மெயின் ரோட்டில் நிற்கும். டாக்ஸிக்காரர் காவலுக்காக அதற்குள்ளேயே கால் மடக்கித் தூங்குவார். வாடகை வீடு இருந்தும் தெருவில் தூக்கம்.

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கே தெரியும். அவர் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு, "நான் எங்கன கொண்டு நிறுத்த, சொல்லுங்க. இத்தன வருசமா அங்கதான நிக்கி" என்றார். ஷெட்டில் நிறுத்தலாமே என்றேன். "அது சரக்கு வைக்க எடம்லா" என்றார். அப்படியானால் உங்கள் கோடவுனுக்கு என் வாசல் வாடகை கட்டுகிறது என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள், டாக்ஸிக்காரர் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில், மெயின் ரோட்டில் நின்ற வண்டியிலிருந்து ஸ்டெப்னி டயர் திருட்டுப் போயிற்று. வண்டி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். பங்குனி முடிவதற்குள் வண்டியை உள்ளே நிறுத்துகிற மாதிரி ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் டாக்ஸி வேறு ஆளுக்குப் போய்விடும். ஆக, ஒன்று வீடு போக வேண்டும், அல்லது பிழைப்பு போக வேண்டும். வேறு யாரும் வீடு தர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், பழைய வீட்டுக்காரர் போட்டுவிட்டுப் போன இரண்டு கருங்கற்களை ஆள் வைத்துத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே போட்டேன். மாலையில் அண்ணாச்சியின் கடை ஆட்கள் வந்து சிரித்துக்கொண்டே உருட்டித் தள்ளினார்கள். நான் திரும்பவும் போட்டேன். இந்த முறை போலீஸ்காரர் வந்தார். பொதுத் தெருவில் கல் போடக் கூடாது என்றார். கார் போடலாமா என்று கேட்டேன். கார் நகரும், கல் நகராது என்றார். சாவி ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிற கார் எப்படி நகரும் என்று கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கல்லை எடுத்துவிடுங்கள் அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெரு என் வீட்டுப் பத்திரத்தில் இல்லை.

அன்று அக்கம்பக்கத்தில் ஒருவரும் எனக்காகப் பேசவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒரு டாக்ஸிக்காரனுக்காக நடுத்தெருவில் நின்று கத்துகிறாளே என்று பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சி சமாதானம் பேச வந்து, ஆபீஸ் போகிற நல்ல குடும்பமாகப் பார்த்துத் தானே குடிவைப்பதாகச் சொன்னார். வேலைக்குப் போய்த் திரும்பி வந்த என் கணவரும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டைப் பகைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது என்பது அவர் கவலை. வாக்குக் கொடுத்தது நான், நீங்கள் இல்லை என்றேன்.

கடைசியில் டாக்ஸிக்காரரே வந்தார்.

"எங்களுக்காவ நீ இன்னாத்துக்கும்மா ரோட்ல நின்னு கூவிக்கினு கீற? நாங்க பழைய எட்த்துக்கே போயிடறோம். ஆத்துல தண்ணி வந்தா அப்ப பாத்துக்கலாம்."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கட்டினதைப் பிரி. நான் சொல்ற வரைக்கும் யாரும் போகக் கூடாது" என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் கட்டுவதை நிறுத்தினாள். ஆனால் பிரிக்கவில்லை.

அந்த வாரம் குழாயில் தண்ணீர் சுத்தமாக நின்றது. கிணற்றின் அடியில் சேறுதான். விடியற்காலையில் லாரியில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்குள் வராமல் மெயின் ரோட்டு முனையிலேயே நின்றது. பல தெரு ஜனங்கள் அங்கே முட்டி மோதினார்கள். எங்கள் தெருப் பெண்கள் பாதிக் குடத்தை வழியிலேயே சிந்திக்கொண்டு நடந்தார்கள். உள்ளே வந்தால் என்ன கேடு என்று லாரி டிரைவரோடு சண்டைக்குப் போனேன். அவர் வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அந்தக் கருப்புக் கார் கீதே, அந்த எட்த்துலதாம்மா லாரி திரும்பணும். அத்த எட்தா வரேன். எனக்கு இன்னா?"

குடத்தை இடுப்பில் வைத்தபடி எங்கள் தெருப் பக்கம் திரும்பி அந்தக் காரைப் பார்த்தேன். அதுவரை என் கேட், என் குடித்தனக்காரர், என் வாக்கு என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கார் தெருவுக்கே குறுக்கே நிற்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று பிற்பகல் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். பல வீடுகளில் அதுதான் நான் பேசிய முதல் வார்த்தை. நாளைத் தண்ணீருக்கான வரிசையை இன்று மாலையே எங்கள் வாசலில் போட்டுவிடுவோம், கார் நிற்க இடம் இருக்காது, லாரி உள்ளே வரும், வந்ததும் அது திரும்ப வழிவிட்டு அவரவர் குடத்தை அவரவர் எடுத்துக்கொண்டு அதே வரிசையில் நிற்கலாம் என்றேன். வரிசையில் வைத்த குடத்தை, வைத்தவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. தண்ணீருக்கு நின்று பழகிய எல்லாருக்கும் அது தெரியும். அதற்காக மண்டை உடைந்ததும் உண்டு.

கேட்டுக்கு நேரே ஒரு இடைவெளி விட வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். டாக்ஸி தெருவிலிருந்து நேராக உள்ளே நுழைகிற அளவுக்கு மட்டும். அந்த இடைவெளியில் நெடுக ஒரு காரை நிறுத்த முடியாது. எதிர்வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓகோ, தண்ணி சாக்குல உன் டாக்ஸிக்கு வழி பண்றியா?" என்று கேட்டாள். ஆமாம், இரண்டுக்கும்தான் என்றேன். அப்படியானால் இந்தக் கோடை முடியும் வரை தெருவில் டாக்ஸியைக் கழுவக் கூடாது என்றாள். நியாயம். ஒப்புக்கொண்டேன்.

கடைசியாக அண்ணாச்சி வீடு. அவர் சரக்கு பார்க்க வெளியே போயிருந்தார். உள்ளே போவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கினேன். அவர் மனைவியும் காலையில் எங்களோடு மெயின் ரோட்டில் இடிபட்டவர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கார் பேச்சு வந்தபோது அவர் முகம் மாறவில்லை. "வரிசைல முத எடம் எனக்கு உண்டுமா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் கார் வந்தது. எங்கள் கேட்டுக்கு இரண்டு பக்கமும் பித்தளைக் குடம், அலுமினியக் குடம், தவலை, தகர டின், வாளி என்று நெருக்கமாக நின்றன. கார் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து ஒரு வாளியில் கை வைத்தான். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து, "கைய எட்றா. அது என்னுது" என்றாள். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வந்து நின்றார்கள். அவன் வாளியை விட்டுவிட்டு, காருக்குள் இருந்த முதலாளியைப் பார்த்தான்.

அண்ணாச்சி இறங்கினார். நான் கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. அவர் விறுவிறுவென்று வந்து வரிசையில் முதலாவதாக இருந்த பித்தளைக் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். கல்யாணச் சீரில் வந்த குடம். கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. அவர் மனைவியின் பெயர். தூக்கிய கை அப்படியே நின்றது.

அவர் வீட்டு வாசலிலிருந்து மனைவி சொன்னார், சத்தம் போடாமல்.

"அத வச்ச எடத்துலயே வையுங்க. நம்ம வரிச போயிரும்."

அண்ணாச்சி குனிந்து குடத்தை வைத்தார். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதோ என்று பார்த்து, நகர்த்திச் சரியாக வைத்தார். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவர் டிரைவரிடம் காரை மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இருட்டியதும் டாக்ஸி வந்தது. குடங்களுக்கு நடுவே டாக்ஸிக்காரர் அதை ஊர்ந்து ஊர்ந்து உள்ளே கொண்டுவந்தார். ஒன்றுகூட அசையவில்லை. சிறிது நேரத்தில் பின்பக்கத்தில் பாத்திரங்கள் உருள்கிற சத்தம் கேட்டது. அவர் மனைவி சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் லாரி உள்ளே வந்து, எங்கள் வாசலில் நின்று, தெருவில் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனது.

தினமும் மாலையில் வரிசை விழுந்தது. அண்ணாச்சி கொஞ்ச நாள் மெயின் ரோட்டில் காரை விட்டுப் பார்த்தார். பிறகு ஷெட்டிலிருந்த மூட்டைகள் வண்டி வண்டியாகக் கடைக்குப் போயின. என்னோடு அவர் ரொம்ப நாள் பேசவில்லை. நானும் அதற்காக வருத்தப்படவில்லை. மழை வந்து, குழாயில் தண்ணீர் வந்து, வரிசை கலைந்த பிறகும் எங்கள் வாசல் காலியாகவே இருந்தது. டாக்ஸிக்காரர் குடும்பம், சொந்தமாக ஒரு வண்டி வாங்கித் தாங்களாகவே வேறு வீடு பார்த்துப் போகும் வரை, பின் போர்ஷனில்தான் இருந்தது.

இன்றைக்கும் யாராவது என் கேட்டை மறித்தால் எனக்கு உடனே கோபம் வருகிறது, கத்தவும் செய்கிறேன். ஆனால் கத்துவதற்கு முன்னால், இது என்னைத் தவிர இன்னும் யாரையெல்லாம் மறிக்கிறது என்று பார்த்து, முதலில் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.