மூத்தவள் கேட்ட மன்னிப்பு

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வெலிச்காவுக்குக் கணவனும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். தங்கை தோன்காவுக்கு யாருமில்லை. ஆனாலும் தங்கையைப் பார்த்துத்தான் வெலிச்காவுக்கு வயிறு எரிந்தது. தோன்கா சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். வெலிச்கா பெற்ற பிள்ளைகள்கூடச் சித்தியின் மடியைத்தான் தேடினார்கள்.

இருபது வருடத்துக்கு முன்பு மின்சோ என்பவன் தோன்காவைப் பெண் கேட்டான். "அவளுக்கு வலிப்பு வரும்" என்று அவன் அம்மாவின் காதில் போட்டவள் வெலிச்காதான். கல்யாணம் நின்றுபோனது. யார் சொன்னதென்று தோன்காவுக்குத் தெரியாது.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று, அந்தப் பல்கேரிய ஊரில் இளையவர்கள் மூத்தவர்களின் வீடு தேடிப் போய், கையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். அந்த ஆண்டும் தோன்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கு? சரி, என்னை மன்னிச்சிரு."

"கடவுள் மன்னிப்பார்" என்பதுதான் வழக்கமான பதில். வெலிச்காவுக்கோ எரிச்சல் வந்தது.

"வருஷா வருஷம் கேக்குறியே, அப்படி என்னடி தப்பு பண்ணின?"

"தெரியலைக்கா. உனக்கு என்னைப் பிடிக்கலையே, ஏதோ பண்ணியிருக்கணும்ல."

வெலிச்கா குனிந்து தங்கையின் கையில் முத்தமிட்டாள். எந்த மூத்தவளும் அப்படிச் செய்ததில்லை. பிறகு மின்சோவின் அம்மாவிடம் தான் அன்று சொன்ன பொய்யைத் தங்கையிடம் ஒப்புக்கொண்டாள்.

"நீ என்னை மன்னிச்சிரு, தோன்கா."

தோன்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது பொய்க்கா. அடுத்த வருஷம் கேளு."

அவள் போய்விட்டாள். ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத அந்த வாயை நினைத்து, அப்போதும் வெலிச்காவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.