எட்டாம் சீட்டுக்காரி

பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கிற ஆண்களுக்கு இரண்டு விஷயத்தில் வாய் ஓயாது. ஒன்று ஊர் அரசியல், மற்றது உதைபந்து. அரசியல் பேசுகிறவர்கள் தேத்தண்ணியை வெளியே நின்று குடியுங்கள் என்று எழுதி என் கடைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பந்தை மட்டும் நிற்பாட்ட முடியவில்லை, ஏனென்றால் அதில் முதல் விசர் என் புருஷன் யோகநாதன். ஆனால் நான் சொல்லவந்தது அவரைப் பற்றி அல்ல, அவரைத் தோற்கடித்த பிள்ளையைப் பற்றி. பெயர் தர்மிளா. என் கடையின் மூலை மேசையில் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்லுவேன், கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன்.

அவளுடைய தாய் இந்திராதேவி. எனக்கு இந்திராக்கா. புருஷன் கனடாவுக்குப் போய்க் கூப்பிடுகிறேன் என்றார், போனவர் போனவர்தான். அப்போது தாயும் மகளும் எங்களுக்குப் பக்கத்து மெற்றோ ஸ்டாலின்கிராட்டில் ஒற்றை அறையில் இருந்தார்கள். இந்திராக்கா விடியமுன்னம் எழும்பி ஒரு அலுவலகம், பொழுதுபட இன்னொரு அலுவலகம் என்று கூட்டித் துடைத்துவிட்டு, என் கடைக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப்போவார். பிறகு பாரிசுக்கு வெளியே பொண்டியில் வீடு எடுத்துப் போனார்கள். தர்மிளா படித்து, சென் தெனியில் ஒரு பெரிய துப்புரவுக் கொம்பனியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்தக் கட்டடத்துக்கு எந்த நாள் யார் போவது என்று பிளானிங் போடுகிற வேலை. தாய் துடைத்த மாதிரிக் கட்டடங்களுக்கு மகள் ஆள் அனுப்பினாள். எனக்கு அதுவே பெரிய பெருமை.

இனிப் பந்தல் கதை. பிள்ளையார் தேர் எங்கள் தெருவால் வருகிற நாளில் என் கடை வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவோம். மோரும் சர்க்கரைத் தண்ணீரும். பேப்பர்க் கப்பில் மோர் குடித்தால் பேப்பர்தான் மணக்கும், ஆகவே சில்வர் பேணியில்தான் கொடுப்பேன். பந்தலை நடத்துகிறது பந்து லீக்கில் இருக்கிற எட்டுப் பேர். செலவு எல்லோருடையதும். ஆனால் லீக்கில் அந்த வருடம் வென்றவருடைய பெயர்தான் மேலே பதாகையில் ஏறும். கடைசியாக வந்தவர் பேணி கழுவ வேண்டும். இதுதான் சட்டம்.

சட்டம் அப்படி, நடப்பு வேறு. பதாகையில் பெரும்பாலும் நகைக்கடைக் குலசிங்கம் அண்ணையின் பெயர்தான் இருக்கும், அவருடைய மீசைப் படத்தோடு. தோற்றவர் இரண்டு பேணியைக் கையில் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, "தேர் வருகுது" என்று ஓடிவிடுவார். மிச்சப் பேணி முழுவதையும் பின்பக்கத்துக் குழாயடியில் குந்தியிருந்து கழுவுகிறது இந்திராக்கா. யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

கொரோனாவுக்கு முந்தின வருடத் தேரன்று, தர்மிளா மோர் ஊற்றிக்கொண்டு நின்றவள் பதாகையை நிமிர்ந்து பார்த்தாள். தமிழ் வாசிக்கச் சுணங்குவாள். எழுத்துக் கூட்டி வாசித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"அன்ரி, அம்மாவின்ர பேர் எங்கை?"

நான் வாய் திறக்கமுன் குலசிங்கம் அண்ணை முந்திவிட்டார். "பிள்ளை, லீக்கிலை வெண்ட ஆளின்ர பேர்தான் போடுறது. உங்கட அம்மா எந்த ரீம் வைச்சிருக்கிறா?"

எல்லோரும் சிரித்தார்கள். குழாயடியில் இருந்து இந்திராக்காவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்துவிடுவேன், அவர் சிரித்தது எனக்கு நெஞ்சில் சுட்டது. தர்மிளா சிரிக்கவில்லை.

"அப்ப நான் ஒரு ரீம் வைக்கிறன் அங்கிள். வெண்டா அம்மாவின்ர பேர் போடோணும். சரியோ?"

"ஓமோம், வையும் வையும்," என்றார் அவர்.

பிறகு கொரோனா வந்து தேரும் இல்லை, லீக்கும் இல்லை. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் திரும்பத் தொடங்குகிறபோது, எட்டுப் பேரில் ஒருவனான றமேஸ் லண்டனுக்குக் குடிபோயிருந்தான். ஒரு கதிரை வெறுமை. தர்மிளா வந்து அதில் இருந்தாள். குலசிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார். "என்ர கடை, என்ர கதிரை," என்றேன் நான். செருமல் நின்றது.

லீக் என்றால் என்னவென்று எனக்கு விளங்கவே வருடக்கணக்கு எடுத்தது. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸ் லீக்கில் உண்மையாக விளையாடுகிற ஆட்களை இவர்கள் ஆளாளுக்குப் பெயர் சொல்லித் தங்கள் அணிக்கு எடுப்பார்கள். ஒருவர் எடுத்தவரை மற்றவர் எடுக்க ஏலாது. பிறகு கிழமைக்குக் கிழமை அந்த ஆட்கள் மைதானத்தில் கோல் அடித்தால், அடிக்கக் கொடுத்தால், கோல் விடாமல் காத்தால் இவர்களுக்குப் புள்ளி. இறங்காமல் மைதானத்து ஓரத்து வாங்கில் குந்தியிருந்தால் சைபர். பந்து மெய், முதலாளிமார் பொய்.

யார் முதலில் எடுக்கிறது என்பதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டும். குலசிங்கம் அண்ணை ராகு காலம் கழியட்டும் என்று எல்லோரையும் காக்க வைத்தார். ரோல்ஸ் ஆறிப்போனதுதான் மிச்சம் என்று நான் முணுமுணுத்தேன். ஆனால் மனுஷனுக்கு ஒன்றாம் சீட்டு விழுந்தது!

"பாத்தியளோ! பந்திக்கு முந்தோணும் எண்டு சும்மாவே சொன்னவை?"

தர்மிளாவுக்கு எட்டாம் சீட்டு. கடைசி. "பாவம் பிள்ளை," என்றார் என் புருஷன்.

"பாவமில்லை அங்கிள். ரெண்டாம் சுற்று என்னிலை இருந்துதானே திரும்புது? எனக்கு அடுத்தடுத்து ரெண்டு வரும். சோடியா எடுப்பன்."

அந்த வருடம்தான் உலகமே கொண்டாடுகிற ஒரு ஆர்ஜெண்டீனாக்காரர் பாரிஸ் அணிக்கு வந்திறங்கியிருந்தார். குலசிங்கம் அண்ணை கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அவரை எடுத்தார். பின்னால் வந்தவர்களும் பாரிஸ், பாரிஸ் என்றே எடுத்தார்கள். மெற்றோவில் போகிறவன் வருகிறவன் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து அணி சேர்க்கிற கூட்டம். தர்மிளாவின் முறை வந்தது. ஒரு சின்ன ஊர் அணியின் நடு ஆட்டக்காரரைச் சொன்னாள். அடுத்ததாக, பிரான்சின் மேற்குக்கரைப் பிரித்தானிப் பக்கத்து அணியொன்றின் முன் ஆட்டக்காரரைச் சொன்னாள்.

"உவை ஆர்?" என்றார் குலசிங்கம் அண்ணை.

"முதல் ஆள் அந்த ஊரிலை பெனல்ரியும் அடிக்கிறவர், ஃப்ரீ கிக்கும் அடிக்கிறவர். போன வருசம் ஒரு மட்சும் விடேல்லை. மற்றவரும் அப்பிடித்தான். பாரிஸ்காரர் கிழமை நடுவிலை ஐரோப்பா மட்சுக்குப் போவினம். சனிக்கிழமை களைச்சுப்போய் வாங்கிலை இருப்பினம்."

நடுவில் என் புருஷன் பதறிப்போய் ஒரு கோல்கீப்பரை எடுத்தார். அவ்வளவுதான், தீர்ந்துபோய்விடும் என்று எல்லோரும் கோல்கீப்பருக்குப் பாய்ந்தார்கள். மலிவு விற்பனையில் ஒருத்தி சேலையைத் தொட்டால் நாலு பேர் அதையே இழுக்கிற மாதிரி. அந்தக் கலவரத்தில் தர்மிளா சத்தம் போடாமல் இன்னும் இரண்டு நல்ல நடு ஆட்டக்காரரை எடுத்துவிட்டாள். கோல்கீப்பரைக் கடைசியில் பார்த்தாள், அப்போதும் ஒருவர் இருந்தார்.

இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொரு பெயரையும் சொல்லமுன் போனில் தேடி, ஆள் எந்த நாட்டுக்கு விளையாடுகிறவர் என்று பார்த்தாள். குலசிங்கம் அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன பிள்ளை, கலியாணத்துக்கே ஊர் விசாரிக்கிறாய்?"

"கொன்ஜே பாக்கிறன் அங்கிள். ஆர் எப்ப லீவிலை போவினம் எண்டு தெரியாமல் ஆள் எடுத்தா, திங்கக்கிழமை கட்டடம் கூட்டாமல் கிடக்கும். வராத ஆள் எவ்வளவு கெட்டிக்காரனெண்டாலும் என்ர பிளானிங்கிலை சைபர்."

கடைசிச் சுற்றில் மற்றவர்கள் கதிரை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் கேள்விப்படாத ஒரு பின் ஆட்டக்காரரைச் சொல்லித் தன் அணியை முடித்தாள்.

ஐப்பசி, கார்த்திகை முழுவதும் அவள் நடுவில் கிடந்தாள். பாரிஸ்காரரை வைத்திருந்தவர்கள் மேலே. குலசிங்கம் அண்ணை வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்குப் பதிலாகப் புள்ளி அட்டவணை போடத் தொடங்கினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்னடி பிள்ளை, உன்ர ஆக்கள் நித்திரையோ?" என்று கேட்டேன்.

"தை வரட்டும் அன்ரி," என்றாள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். குலசிங்கம் அண்ணைக்குத் தை பிறந்தது, ஆட்கள் போன வழிதான் தெரிந்தது. ஆபிரிக்கக் கிண்ணப் போட்டி தொடங்கி, அவருடைய அணியில் பாதி அங்கே பறந்துவிட்டது. மிச்சப் பாதியில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கால் சுளுக்கு. அந்த ஆர்ஜெண்டீனாப் பெரியவரோ லீக் ஆட்டங்களில் கோல் அடிக்க மனமில்லாதவர் மாதிரி நடந்து திரிந்தார். பதினொரு பேரை நிறுத்தவே அண்ணையால் முடியவில்லை. கிழமைக்குக் கிழமை ஒரு படி இறங்கினார். தர்மிளாவின் ஆட்கள் ஒருவரும் எங்கேயும் போகவில்லை. சின்ன ஊர் அணிகளில் சனியும் ஞாயிறும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் மாதிரி விளையாடினார்கள். அவள் மேலே ஏறினாள்.

அப்போதுதான் குலசிங்கம் அண்ணை ஆள்மாற்றுப் பேச வந்தார். ஒரு பிளேட் பற்றிஸ் வாங்கி அவள் முன்னால் வைத்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை, அந்தப் பெரியவரையே உமக்குத் தாறன். உம்முடைய பெனல்ரிக்காரனைத் தாரும். ஊரிலை ஆருக்குக் கிடைக்கும் இப்பிடி ஒரு பேர்?"

கடை முழுக்க "எடு, எடு" என்றது. என் புருஷனும் எடுக்கச் சொன்னார். தர்மிளா கொஞ்சம் யோசித்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, உங்களுக்கு ஒவ்வொரு நாளும் வந்து வடை சுடுற ஆளை விட்டிட்டு, கிழமைக்கு ஒருக்கா வாற பெரிய ஹோட்டல் செஃபை எடுப்பியளோ?"

"எனக்கென்ன விசரே!"

"அப்ப எனக்கும் வேண்டாம் அங்கிள். பற்றிஸுக்கு மெர்சி."

சித்திரை முடிய இரண்டே பேர் மேலே நின்றார்கள். ஒன்று தர்மிளா, மற்றது என் புருஷன். விதியைப் பாருங்கள்! வீட்டில் சோறு போடுகிறேன், மனத்தில் அவர் தோற்க வேண்டும் என்று வேண்டுகிறேன். பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்தேன். புருஷன் தோற்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த பெண் லா சப்பலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசி ஆட்ட நாளில் பெனல்ரிக்காரருக்குத் தொடையில் பிடிப்பு. விளையாடவில்லை. தர்மிளாவின் முகம் வெளுத்துப்போனது. வாங்கில் மிச்சமிருந்தவர், கதிரை அடுக்குகிற நேரத்தில் எடுத்த அந்தப் பின் ஆட்டக்காரர் மட்டும்தான். அவரைத்தான் இறக்கினாள். அவருடைய அணி கோல் விடாமல் இருந்தால் அவள் வெல்லுவாள். ஒரு கோல் விட்டால் பதாகை யோகநாதனுக்கு. என் புருஷன் ஒரு மேசை, அவள் ஒரு மேசை, இரண்டு பேரும் போனைப் பார்த்தபடி. கடைசி நிமிடத்தில் மற்றப் பக்கத்துக்குக் கோர்னர் கிடைத்தது. "பிள்ளையாரப்பா, இன்னொரு தேங்காய்!" என்று நான் வாய்விட்டே கத்திவிட்டேன். வந்த பந்தை அந்தப் பெயர் தெரியாத மனுஷன் தலையால் இடித்து வெளியே தள்ளினார். விசில் ஊதிவிட்டது.

தர்மிளா மேசையில் முகத்தை வைத்து அழுதாள். என் புருஷன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ ஆற்ற பக்கம்?" என்று என்னைக் கேட்டார்.

"வெண்ட பக்கம்."

அவர் நல்ல மனுஷன். எழும்பிப் போய் அவளுடைய தலையைத் தடவி, "பதாகை அடிக்க நான் குடுக்கிறன் பிள்ளை," என்றார். குலசிங்கம் அண்ணைதான் மூலையில் இருந்து, ஆபிரிக்காவில் ஏன் தையில் விளையாட வேண்டும் என்று புறுபுறுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அட்டவணையில் அவர் எட்டாவது.

தேரன்று இந்திராக்கா வழக்கம்போல வெள்ளனவே வந்தார். தர்மிளா தாய்க்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே பார்க்காமல் நேரே பின்பக்கக் குழாயடிக்குப் போனார். நான் ஓடிப்போய்க் கையில் இருந்த பேணியைப் பறித்தேன்.

"என்ன கோசலை இது?"

"உபயகாரர் பேணி கழுவுறேல்லை அக்கா. வாங்கோ முன்னுக்கு."

இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். பதாகையில் மீசைப் படம் இல்லை. பிள்ளையார் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: உபயம், இந்திராதேவி, பொண்டி. அவர் வாசித்தார். ஆரோ வேறு இந்திராதேவி என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. பிறகு பொண்டி என்பதைத் திரும்பவும் வாசித்தார். தர்மிளா பக்கத்தில் வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"நான் வெண்டனான் அம்மா," என்றாள்.

எனக்குக் கண்ணால் தண்ணி ஓடியது. துடைக்கவும் இல்லை. எங்கள் தெருவில் அந்தப் பெயர் அவ்வளவு உயரத்தில் நின்றதை நான் கண்டேன், எனக்கு அது போதும்.

இந்திராக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்ப பேணி ஆர் கழுவுறது?" என்று கேட்டார்.

லீக்கில் மற்ற ஏழு பேரும் குலசிங்கம் அண்ணையைப் பார்த்தார்கள். அவர் இரண்டு பேணியைத் தூக்கிப் படத்துக்கு நின்றார். நான் படம் எடுக்க வந்தவரின் போனை வாங்கி என் சட்டைப்பைக்குள் போட்டேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனுஷன் குழாயடியில் குந்தினார். தேங்காய் உடைக்கிற சத்தம் தெருமுனையில் கேட்டது, தேர் வந்துகொண்டிருந்தது, அவர் கழுவிக் கழுவி முன்னுக்கு அனுப்பினார்.

இந்திராக்கா மோர்க் குடத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். முதல் பேணியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் குழாயடியில் நீட்டினார்.

"அண்ணை, இதின்ர அடி துலங்கேல்லை. இன்னொருக்கா வடிவாக் கழுவுங்கோ."

அவர் கழுவினார்.