நான் கேட்க மறந்த ஓவர்டைம்

1. "திறைசேரி வெட்டிப்போட்டுது"

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையின் கணக்குக் கிளைக்குப் பொறுப்பாக இருந்து அண்மையில் ஓய்வுபெற்றேன். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. நடந்ததில் பெரும்பிழை என்னுடையது.

அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளம் கூட்டப்பட்ட வருடம். ஆவணி மாதத்து வறட்சி. கரையோரக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் எங்கள் பவுசர்கள், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறிகள்தான், குடிதண்ணீர் கொண்டுபோகும். பகல் ஓட்டம் போதாது. நாலரைக்குப் பிறகும் சனி ஞாயிறும் சாரதிகள் ஓவர்டைமில் ஓடுவார்கள். அந்த மாத நடுவில் முழு வருடத்துக்குமான ஓவர்டைம் ஒதுக்கீடு முடிந்துபோனது.

சபைச் செயலாளர் சாரதிகளைக் கூப்பிட்டார். "இப்ப ஓடுங்கோ, காசு அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

சாரதிகளின் சங்கச் செயலாளர் நசீர். இடம்பெயர்ந்து பல வருடங்களுக்குப் பின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய குடும்பம். சத்தம் போடாமல் கதைப்பவர்.

"சேர், சம்பளம் கூட்டினவை. பிறகு என்னெண்டு ஓவர்டைம் இல்லாமல் போகும்?"

"கொழும்பில திறைசேரி வெட்டிப்போட்டுது. நாங்கள் என்ன செய்யேலும்?"

இப்படிச் சொல்லிவிட்டுச் சபைச் செயலாளர் என்னைப் பார்த்தார். "ஒதுக்கீடு இல்லை சேர்" என்று அவரிடம் முதல்நாள் சொன்னது நான்தான். யார் வெட்டியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தலையாட்டினேன்.

"அப்ப நாங்கள் சட்டப்படி வேலைதான் சேர். நாலரைக்குப் பவுசர் யார்டுக்கு வந்திடும்."

2. தொலைபேசி

ஐந்தாம் நாள் ஒரு பெண் அழைத்தார். பெயர் சொல்லவில்லை.

"எங்கட பக்கம் நாலு நாளாப் பவுசர் வரேல்லை. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு. ஆரிட்டக் கதைக்கிறது?"

"சம்பளப் பிரச்சினை அம்மா. மேலிடத்தில பணம் தரேல்லை" என்றேன்.

"அப்ப மேலிடத்தின்ர நம்பரைத் தாங்கோ."

என்னிடம் கொடுக்க நம்பர் இல்லை. மேலிடத்துக்குக் கடிதமாவது எழுதுவோம் என்று வரவு செலவுத் திட்டக் கோப்பை எடுத்தேன். வெட்டிய கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட வேண்டுமல்லவா? கோப்பில் அப்படி ஒரு கடிதமே இல்லை.

எங்கள் சபையில் ஓவர்டைமுக்குத் திறைசேரி தருவதும் இல்லை. அது சபையின் சொந்த வருமானத்தில் போவது. நான் தயாரித்த மதிப்பீட்டில் சம்பள நிரலை ஒவ்வொரு பெயராகப் புதிதாகக் கணித்திருந்தேன். ஓவர்டைம் நிரலில் மட்டும் முந்திய வருடத் தொகையை அப்படியே எழுதியிருந்தேன். அடிப்படைச் சம்பளம் கூடினால் ஓவர்டைமின் மணித்தியால வீதமும் கூடும். அதே பணம் குறைந்த மணித்தியாலங்களுக்குத்தான் காணும். புதிதாகச் சேர்ந்த லிகிதருக்கும் தெரிந்த கணக்கு. யாரும் வெட்டவில்லை. நான் கேட்கவில்லை.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"மிஸ், ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தானே. பேசாமல் இருங்கோ. ஏதாவது ஒழுங்கு பண்ணுவம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று வீட்டுக்குப் போக ஏறிய வட்டக்கச்சி பஸ்ஸில் இறங்குமிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

3. இரண்டாவது பேச்சுவார்த்தை

மறுநாள் காலை பேச்சுவார்த்தை. முழு வேலைநிறுத்தத்துக்கான கடிதத்தை நசீர் மேசையில் வைத்தார். "கொழும்போடதான் சண்டையெண்டா, எல்லாச் சபைச் சாரதிமாரையும் கூப்பிடுறம்" என்றார்.

செயலாளர் வாய் திறக்குமுன் நான் சொன்னேன். "கொழும்பு வெட்டேல்லை. நான்தான் மதிப்பீட்டில ஓவர்டைமைக் கூட்டிப் போட மறந்திட்டன். வெற்றிடமாக் கிடக்கிற பதவியளுக்குச் சபைப் பணத்தில ஒதுக்கினது மிச்சமிருக்கு. குறைநிரப்பு மதிப்பீட்டுக்குச் சபை சம்மதிச்சா, அதை ஓவர்டைமுக்கு மாத்தலாம்."

சாரதிகளில் ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். நசீர் அவரை இருத்தினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"மிஸ், பிழை ஆருக்கும் வரும். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா அந்தச் சனம் ஒரு கிழமை தண்ணிக்கு அலைஞ்சிராது."

அந்தப் பணத்தை மாற்றும்படி சபையைக் கேட்பதாக அந்த மேசையிலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

பின்னேரம் மூன்று பவுசர்களும் புறப்பட்டன. சபை கூடும்வரை என் எழுத்தை நம்பி ஓடுவதாக நசீர் ஒப்புக்கொண்டார். விசேட அமர்வில் குறைநிரப்பு மதிப்பீடு நிறைவேறியது. எனக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. பிழையை ஒப்புக்கொண்டு பதில் எழுதினேன். இரண்டும் என் தனிப்பட்ட கோப்பில் இருக்கின்றன.

அடுத்த வருட மதிப்பீட்டின் வரைபைச் செயலாளரின் அனுமதியோடு நசீரிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் பேனையால் எழுதியிருந்தார்: "போயா நாள் ஓட்டம் எங்கே?" பௌர்ணமி விடுமுறையான அந்த நாட்களின் ஓவர்டைம் உண்மையிலேயே விடுபட்டிருந்தது.

கணக்குக் கிளையில் இப்போது இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சங்கத்தவரிடம் "பணம் இல்லை" என்று சொல்லுமுன், அந்தப் பணத்தை யார், எப்போது, எந்தக் கடிதத்தில் கேட்டார்கள் என்று கோப்பைத் திறந்து பாருங்கள். கேட்டும் கிடைக்காதது வேறு, கேட்காமலே விட்டது வேறு.