ஏழாம் மாடிக் கோபம்

“இந்த ஃபிரேம் போட்டா உங்க மாமியார்கூட அழகா தெரிவாங்க” என்று சொல்லிவிட்டு நாகூர் கனி இரண்டு விநாடி நிறுத்துகிறார். பின்னால் சிரிப்பொலி சேர்ப்பதற்கான இடைவெளி அது. சிராங்கூன் சாலையில் அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரும் சிரிப்பொலி சேர்ப்பதில்லை. ஆனாலும் பதிமூன்று வருடங்களாக வாரக்கடைசிகளில் நடித்து நடித்து வந்த பழக்கம், போகமாட்டேன் என்கிறது.

தொலைக்காட்சியில் ‘எட்டாம் மாடி வீடு’ நகைச்சுவைத் தொடர் பார்ப்பவர்களுக்கு அவர் கனி இல்லை, ஏழாம் மாடி காசிம். மேல்வீட்டார் ஜன்னலுக்கு வெளியே கழியில் காயப்போடும் ஈரத்துணி, காசிமின் காய்ந்த துணிமேல் சொட்டும். வாராவாரம் மாடியேறிப் போய்ச் சண்டை போடுவார். அவ்வளவுதான் பாத்திரம். எம்ஆர்டி ரயிலில் முன்பின் தெரியாதவர்கள், “அங்கிள், இன்னும் சொட்டுதா?” என்று கேட்பார்கள். “காலையிலகூட சொட்டுச்சு லா!” என்பார் உண்மையான கோபத்தோடு. செம்பவாங்கில் அவர் நிஜமாகக் குடியிருப்பது கடைசி மாடியில்.

இந்த ஆண்டு வந்த புது இயக்குநர் சுஷ்மிதாவுக்கு இந்த ஓயாத சண்டை பொறுக்கவில்லை. புது சீசனின் முதல் வாரமே காசிம் மேல்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருந்தியாக வேண்டும். முடியாதென்றால் காசிம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார். கனிக்குத் தொடரில் இடமில்லை. கடையில் கண்ணாடி வாங்கிப் பழக்கமாகி, படப்பிடிப்பையும் பார்க்கப் போயிருந்த என் எதிரிலேயே பேச்சு வளர்ந்தது.

“கேரக்டர் வளரணும் அங்கிள். எத்தனை சீசனுக்கு ஒரே சண்டை?”

“நான் ஏம்மா வளரணும்? அம்பத்தெட்டு வயசாச்சு. நனைச்சவன் சாரி சொல்லட்டும். நனைஞ்சவன் எதுக்குச் சொல்லணும்?”

எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஒரே கோபத்தை வாரம் தவறாமல் புத்தம் புதிதாகக் கொண்டுவருவது லேசான காரியமா? எனக்கெல்லாம் மறுநாளே மறந்துவிடும். வளர்ச்சி வளர்ச்சி என்று எல்லாரும் பறக்கிற ஊரில், இருந்த இடத்தில் அசையாமல் நிற்க ஒரு மனிதனுக்கு உரிமை இல்லையா என்ன?

திருந்திய காசிமுக்கென்று வெளிர்நீலத்தில் ஒரு புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒத்திகையில் இரண்டு முறை மன்னிப்பு வசனத்தை முணுமுணுத்தார் கனி. யாருக்கும் காதில் விழவில்லை.

“இதான் லாஸ்ட் சான்ஸ் அங்கிள்” என்றார் சுஷ்மிதா. கேமரா ஓடத் தொடங்கியது.

கனி சட்டையைக் கழற்றினார். நிதானமாக மடித்து, இயக்குநரின் நாற்காலியில் வைத்தார். பிறகு பனியனோடு திரும்பி, எட்டாம் மாடிக் கதவை இரண்டு கையாலும் இடித்தார்.