கலக்கச் சொன்ன போத்தல்

டிவி விளம்பரத்தில் புது டொய்லட் கிளீனரை ஊற்றியதும் டைல்ஸ் கண்ணாடி மாதிரி மின்னியது. அன்றே வெள்ளவத்தைக் கடையொன்றில் அதை வாங்கி வந்து, எங்கள் பிளாட்டின் பாத்ரூமில் ஊற்றித் தேய்த்தேன். என் வழுக்கையைத் தவிர ஒன்றும் மின்னவில்லை.

பொறுமையில்லாமல் போத்தலைத் திருப்பினேன். தமிழும் இங்கிலிஷும் இருந்த இடத்தில் விலை ஸ்டிக்கர். முப்பது வருடக் கொழும்புச் சிங்களத்தில் எழுத்துக் கூட்டினேன்: பிளீச்சுடன் 'மிஸ்ர கரன்ன'. கலக்கச் சொல்கிறான்! வீட்டிலிருந்த பிளீச்சையும் ஊற்றினேன்.

குப்பென்று நெடி கிளம்பியது. கண் எரிந்தது. வாசலில் நின்ற மனைவிக்கு ஆஸ்துமா. இருமி இருமி அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"அப்பா, அம்மாவை வெளியில கூட்டிக்கொண்டு வாங்கோ!" என்று மகள் கத்தினாள்.

கீழே லேனில் அவளை இருத்தி, இன்ஹேலர் கொடுத்தோம். மூச்சு சீராக அரை மணி நேரமானது. அதுவரை நான் அந்த லேனை எத்தனை தரம் அளந்தேனோ தெரியாது.

பிறகு மகள் போத்தலை வாசித்தாள். "அப்பா, 'மிஸ்ர கரன்ன எபா' எண்டெல்லோ கிடக்கு. கலக்க வேண்டாமாம்!"

அந்த 'எபா' அடுத்த வரியில் இருந்தது.

"இஞ்சேருங்கோ, இனி உங்கட சிங்களத்தை பஸ் கொண்டக்டரோட வச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் மனைவி. பேச்சு வந்ததே பெரிய நிம்மதி.

இப்போது விளம்பரத்தில் நான் டைல்ஸைப் பார்ப்பதில்லை. அந்த பாத்ரூமின் பெரிய யன்னலைப் பார்க்கிறேன். எங்களுடையதில் யன்னலே இல்லை. எதை வாங்கினாலும் கடையிலேயே ஸ்டிக்கரை உரித்து, கடைசி வரி வரை வாசிக்கிறேன். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.