மகளின் விருதை விசாரித்தேன்

முப்பது வருஷம் காவல்துறையில் இருந்தவன் நான். கடைசிப் பன்னிரண்டு வருஷம் பாஸ்போர்ட் விசாரணை என் பொறுப்பு. ஆள் சொல்லும் விலாசத்தில்தான் குடியிருக்கிறாரா என்று பக்கத்து வீட்டில் கேட்டு, டீக்கடையில் கேட்டு, பிறகுதான் பேனாவைத் திறப்பேன். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை.

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளஸ் டூ படித்தாள் என் மகள். ஒருநாள் ஒரு சான்றிதழை நீட்டினாள். பள்ளிப் பாடத்தைத் தாண்டிய கணக்கில் நாடு முழுக்க நடக்கும் தேர்வாம். அதில் விருதாம். சென்னையில் ஒரு கல்லூரி இந்த விருதைப் பார்த்தே கணிதப் படிப்புக்கு இடம் கொடுக்குமாம்.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. எங்கள் பக்கம் விருது வாங்காத பிள்ளை ஏது? பணம் கட்டி ஏதோ ஒரு தேர்வு எழுதினால் கழுத்தில் பதக்கம், மறுநாள் தெருமுனையில் ஃபிளெக்ஸ். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் போய் நின்றால் கட்-ஆஃப் மட்டும்தான் கேட்பார்கள். பதக்கத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"உங்க ஸ்கூல்ல எம்புட்டுப் பேரு எழுதினீங்க?"

"நான் மட்டுந்தாம்ப்பா. கணக்கு சார்தான் எழுதச் சொன்னாக."

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் எதற்கு இவ்வளவு அக்கறை? அந்த ஆசிரியர் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். பைக்கை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன். கல்லூரிக்காரர்கள் யாராவது காரில் வந்து போகிறார்களா? டியூஷன் உண்டா? "தங்கமான மனுசன் சார்" என்றார்கள் எல்லோரும். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அனுபவம்.

"பிள்ளை மூணு வருசமா கணக்கு நோட்டும் கையுமா கெடக்கா. நீங்க பாத்ததே இல்லியா?" என்றாள் மனைவி. பார்த்திருக்கிறேன். ஏதோ கிறுக்குகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

மகள் விண்ணப்பித்தாள். இடம் உண்டு என்று கல்லூரியிலிருந்து பதிலும் வந்தது. அன்றே யாருக்கும் சொல்லாமல் அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் போட்டேன். 'மேற்படி மாணவி பெற்றதாகக் கூறப்படும் விருதின் உண்மைத்தன்மை குறித்துத் தகவல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே 'மாணவியின் தந்தை' என்று என் கையெழுத்து, பழைய பதவியோடு. நல்ல இடமென்றால் பதில் எழுதுவார்கள், டுபாக்கூர் என்றால் வாய் திறக்க மாட்டார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

பதில் மகளுக்கு வந்தது. தந்தையே விருதைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியிருப்பதால் இடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, நேரில் வந்து மறுபடியும் தேர்வு எழுத வேண்டும் என்று. அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"என்னப்பா எழுதினீங்க?"

ஃபைலில் வைத்திருந்த நகலை எடுத்து நீட்டினேன்.

சென்னையில் மற்றப் பிள்ளைகள் பெற்றோரோடு உட்கார்ந்து சேர்க்கைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். என் மகளை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே மூன்று பேராசிரியர்கள். வெளியே பெஞ்சில் நானும் மனைவியும். மூன்று மணி நேரம். குற்றவாளியை விசாரிப்பது போல என் பிள்ளையை விசாரிக்க வைத்தவன் நான்தான் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

கதவு திறந்தது. ஒரு பேராசிரியர் வந்து, "இந்த விருதுக்கு முழுத் தகுதி உள்ளவங்க சார். இங்கயே சேத்துக்கிறோம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "எந்த அப்பாவும் இதுவரை இப்படி எழுதினதில்லை" என்றார்.

படிவம் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மகள் என்னைத் தாண்டிப் போய், அம்மா மடியில் படிவத்தை வைத்தாள்.

"எப்பவும் அப்பாதானட்டி போடுவாக?" என்றாள் மனைவி.

"நீயே போடும்மா. அப்பா விசாரிக்காம எதுலயும் கையெழுத்துப் போடமாட்டாக."